மச்சாளுக்கு எடுத்த விசா

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடம் தடுமாறினேன். பேனையை எடுத்துக்கொண்டு சுவாமிப் படத்துக்கு முன்னால் இருப்பேன். இரண்டு வரி எழுதியதும் பேனையை வைத்துவிடுவேன். எழுந்து போய்ச் சமையலைப் பார்ப்பேன். ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து எனக்குப் பழக்கமில்லை. அதோடு என் கணவருக்கு இது வெளியில் வருவதில் துளியும் விருப்பமில்லை. "சனம் கதைக்கிறதைக் கதைக்கட்டும், நீர் பேசாமல் இரும்" என்பார். பேசாமல்தான் இருந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே ஒஸ்லோவில் கோயிலில் பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்றவர் துரொண்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண். முன்பின் தெரியாதவர், ஆனால் கதைப்பிரியர். குளிரைப் பற்றிக் கதைத்தார், மகளின் மாமியாரைப் பற்றிக் கதைத்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சை ஒஸ்லோவிலை ஒரு குடும்பம் இருக்காமே அக்கா. அரபு நாட்டுக்குப் போய், சொந்த மச்சாளை வேலைக்காரியா வைச்சிருந்து, திரும்பி வரேக்கை ஒரு அரபிக்கு வித்துப்போட்டு வந்தவையாம். உங்களுக்கு அவையைத் தெரியுமோ?"

"கேள்விப்பட்டிருக்கிறன்" என்றேன்.

"இப்பிடியானதுகளும் கோயிலுக்கு வருமாம். என்ன முகத்தோடை வருங்களோ!"

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். தட்டில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. பிரசாதத்தைக் கொட்டக்கூடாது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அன்றிரவே எழுதத் தொடங்கிவிட்டேன். முருகன் அறிய, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அந்த அரபு நாட்டின் பெயரை மட்டும் எழுதவில்லை. அங்கே இன்னும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு என்னால் இன்னொரு கரைச்சல் வரக்கூடாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தின முதல் வருடங்களில் நாங்கள் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் நாலாம் மாடியில் இருந்தோம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தேன். இவர் வெல்டிங் வேலை. மகளும் மகனும் இங்கே பிறந்தவர்கள். இவருக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா, என் மச்சாள். யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். தாய் படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான். பார்க்க வந்த மாப்பிள்ளைமாரையெல்லாம் "இப்ப ஏலாது" என்று திருப்பி அனுப்பி அனுப்பி, தாய் கண்ணை மூடிய நேரம் தலை நரைத்துவிட்டது. இவர் சோறு சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கை நின்றுவிடும். "அக்கா தனிச்சுச் சமைச்சு என்னத்தைச் சாப்பிடுவாவோ" என்பார். அந்த வீட்டில் இரவில் ஒரு சத்தம் கேட்டால் எழும்பிப் பார்க்க அவருக்கு ஒரு ஆள் இல்லை.

நோர்வேக்குக் கூப்பிட இரண்டு தரம் விண்ணப்பம் போட்டோம். தாய் தகப்பன் என்றாலே இழுபறி, சகோதரி என்றால் குடும்பக் கணக்கில் வரவே மாட்டாராம். இரண்டாம் தரம் சும்மா பார்க்க வர விசா கேட்டோம். கலியாணம் இல்லை, உத்தியோகம் இல்லை, வந்தால் திரும்பிப் போவார் என்று நம்ப ஏலாது என்று மறுத்தார்கள். அந்த மறுப்பைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி மச்சாள் ரெலிபோனில் கேட்டார். வாசித்தேன். "அவை சொல்லுறதும் சரிதானே பிள்ளை, எனக்கு இஞ்சை என்ன கிடக்கு திரும்பி வர" என்று சிரித்தார்.

அந்த நேரத்தில்தான் ஸ்தவாங்கரில் இவரோடு முன்பு வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர், அரபு நாட்டில் ஒரு எண்ணெய் வேலைக்குப் பொறுப்பாகப் போனார். இவரையும் வரச் சொன்னார். வீடு தருவார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தருவார்கள். இவர் முதலில் அசையவில்லை. அங்கே போனவர்கள் உறவுக்காரரைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்ன பிறகுதான் ஓம் என்றார். நாங்கள் காசுக்குப் போனோம் என்று சொல்கிறார்கள். அக்காவுக்காகத்தான் போனோம். இதை நம்புகிறவர்கள் நம்புங்கள்.

போய்ப் பார்த்தால், அங்கேயும் சகோதரிக்கு விசா இல்லை. மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பன், அவ்வளவுதான். கம்பனிக் கந்தோரில் பேப்பர் அலுவல் பார்க்கிற மலையாளி ஒருவர் இவருக்கு வழி சொல்லிக் கொடுத்தாராம். வீட்டு வேலைக்காரி விசா எடுக்கலாம், எல்லோரும் எடுக்கிறார்கள். ஒன்றே ஒன்று, சொந்தக்காரி என்று தெரியக்கூடாது. உறவுக்காரரை அந்த விசாவில் எடுப்பது அங்கே குற்றம்.

தெரிய வர வழியும் இருக்கவில்லை. இவர் அகதியாக ஒஸ்லோவில் வந்து இறங்கின நேரம் பெயரையும் தகப்பன் பெயரையும் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். நோர்வேக் கடவுச்சீட்டு முழுக்க அந்தப் பிழையோடுதான். இங்கே எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் திரிகிறோம். அக்காவும் தம்பியும் பேப்பரில் யாரோ எவரோ.

"இஞ்சாருங்கோ, பெத்த தாய் மாதிரிப் பாத்த மனுசியைக் கத்தாமா எண்டு எழுதுறதோ?" என்று கேட்டேன். கத்தாமா என்றால் அங்கே வேலைக்காரி. எங்கள் ஊரிலிருந்து போகிற பெண்களுக்கும் அந்தப் பெயர்தான்.

"பேப்பரிலைதானப்பா. வீட்டுக்குள்ளை அவ அக்காதானே" என்றார்.

எங்களைப் போல் பேப்பரால் அலைக்கழிந்த சனம் வேறில்லை. அதனால்தானோ என்னவோ, பேப்பர் என்றால் ஏதோ ஒரு பொய்யை எழுதிக் கொடுக்கிற இடம், உண்மை வீட்டில் பத்திரமாய் இருக்கும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. ஒஸ்லோவில் அந்த நினைப்போடு காலம் தள்ளலாம். அங்கே முடியவில்லை.

மச்சாள் வந்து இறங்கிய அன்று நான் வெளியே காத்து நின்றேன். பிரயாணிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள், அவரைக் காணவில்லை. வேலைக்கு வருகிற பெண்களை வேறாக ஒரு அறையில் இருத்தி வைப்பார்களாம். எடுத்தவர் வந்து கையெழுத்து வைத்துத்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இவர் உள்ளே போனார். நிலத்தில் வரிசையாய் இருந்த பெண்களுக்குள்ளே அக்காவைக் கண்டதும் ஓடிப் போய்க் கட்டிப்பிடிக்க ஏலாமல், விரலால் காட்டி, "இவதான்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாராம். பதினாலு வருடத்துக்குப் பிறகு அக்காவைக் கண்ட சந்திப்பு அது.

காரில் ஏறிக் கதவு சாத்தின பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடிய மச்சாள் சிரித்தார். "அடேய் தம்பி, சங்கக்கடையிலை சாமான் எடுக்கிற மாதிரி என்னைக் கையெழுத்து வைச்செல்லோ எடுத்தனி! நிறையும் பாத்து எடுத்திருக்கலாம்."

முதல் மாதங்கள் நல்லாய்த்தான் போயின, பொய் சொல்லக்கூடாது. கம்பனி தந்த வீடு, சுற்றி மதில் கட்டின ஒரு குடியிருப்பில் இருந்தது. உள்ளே முக்கால்வாசி நோர்வேக்காரரும் மற்ற வெள்ளைக்காரரும். அலுமாரிக்குள் சுவாமிப் படங்களை வைத்தோம். விளக்குக் கொளுத்தும்போது மட்டும் கதவைத் திறப்போம். விடியப்புறம் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற சத்தத்துக்கு மச்சாள் எழும்பி முழுகித் திருநீறு பூசிவிடுவார். "அவை தங்கடை ஆளைக் கூப்பிடினம், நான் என்ரை ஆளைக் கூப்பிடுறன். நேரம் ஒண்டுதான்" என்பார். ஒஸ்லோவில் காய்ந்து வருகிற கறிவேப்பிலைக்கு ஏங்கின எனக்கு அங்கே சந்தையில் கட்டுக்கட்டாய்ப் பச்சையாய்க் கிடைத்தது. வெண்டிக்காய், பாவற்காய், எல்லாம். வெள்ளிக்கிழமை லீவு நாள் என்பதால் விரதச் சாப்பாட்டை எல்லோரும் ஒன்றாய் இருந்து சாப்பிட்டோம். இவர் அந்த நாட்களில் நிரம்பச் சாப்பிட்டார்.

குடியிருப்பின் பின்மதிலுக்கு அங்காலே ஒரு அரபு வீடு. அந்த வீட்டு முருங்கைமரம் மதிலுக்கு மேலால் சாய்ந்து நின்றது. அவர்கள் அதைச் சாப்பிடுவதில்லை, நிழலுக்கு வைத்தது. மச்சாள் எட்டி இலை ஒடித்ததை அந்த வீட்டுக் கிழவி கண்டுவிட்டார். விதவை, தனியாள், பிள்ளைகள் வேறு வேறு வீடுகளில். சத்தம் போடப் போகிறார் என்று பார்த்தால், மறுநாள் ஒரு கொப்பையே முறித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அந்த டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். "ஆடு எதுவும் வளக்குறீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றார். மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த இலையில் வறை வறுத்துக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் அவர்களுக்குப் பழக்கம். அந்த வருடம் அவர்களின் நோன்பு முடிய எங்கள் கந்தசஷ்டி தொடங்கியது. மச்சாள் ஆறு நாளும் பால் பழத்தோடு இருந்ததைக் கேள்விப்பட்டு, "எங்கள் நோன்பு முடிந்துவிட்டதே, இவள் எவனுக்காகப் பட்டினி கிடக்கிறாள்?" என்று கேட்டாராம் கிழவி. "என்ரை பிள்ளைக்காக எண்டு சொல்லு. ஆறுமுகம், பன்னிரண்டு கை எண்டும் சொல்லு" என்றார் மச்சாள். டிரைவர் எப்படி மொழிபெயர்த்தாரோ, விரதம் முடிக்கிற பாறணைக்கு ஒரு பெரிய தட்டு நிறையப் பேரீச்சம்பழம் வந்தது.

வீட்டுக்கு வெளியே மட்டும் மாமி என்று கூப்பிடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் ஒன்று வெளியே ஒன்று என்று எத்தனை நாள் நினைவிருக்கும்? ஒரு நாள் மகன் விளையாட்டிடத்தில் "மாமி" என்று கத்திவிட்டான். இவர் அன்று அவனுக்கு அடித்தார். அவன் வாங்கின முதல் அடி. அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள்ளும் மாமி என்று கூப்பிடுவதை விட்டான். "இஞ்சை வாங்கோ", "தண்ணி தாங்கோ" என்று ஆள் பெயர் இல்லாமலே கதைத்தான்.

குடியிருப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. வேலைக்காரப் பெண்கள் நீல மேலங்கி போடவேண்டும். பக்கத்துக் கேற்றால்தான் வந்து போகவேண்டும். நீச்சல் குளத்துப் பக்கம் கதிரையில் இருக்கக்கூடாது. மச்சாள் சேலைக்கு மேலே அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸுக்குக் கூட்டிப் போவார்.

நோர்வேக்காரரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒஸ்லோவில் நான் நிலம் துடைத்த இடத்தில் மேலதிகாரியும் என்னோடு ஒரே மேசையில் பாண் சாப்பிட்டார். யாரும் யாருக்கும் மேலில்லை என்று பாலர் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்கிற சனம். அந்தச் சனம் அங்கே வந்த ஒரு மாதத்துக்குள் மணி அடித்து ஆளைக் கூப்பிடப் பழகிவிட்டது. என்னையே முதல் நாள் வேலைக்காரி என்று நினைத்துப் பக்கத்துக் கேற்றைக் காட்டினார்கள். நான் நோர்வேஜிய மொழியில் வாயைத் திறந்த பிறகு முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார்கள். மச்சாளுக்குத் திறக்க அந்த மொழி இருக்கவில்லை.

இவரை வேலைக்குக் கூப்பிட்ட அந்த நோர்வேப் பெரியவரின் மனைவி என்னிடம் நல்ல வாரப்பாடு. ஒரு நாள் கோப்பி குடிக்க வந்தவர், மச்சாள் வைத்த வடையைத் தின்றுவிட்டுக் கேட்டார்: "உன் ஆள் தங்கமானவள். எங்கே பிடித்தாய்? மே பதினேழுக்கு எனக்கு ஒரு நாள் கடன் தருவாயா?"

மே பதினேழு நோர்வேயின் தேசிய நாள். பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன காரணம் சொல்வது? வேலைக்காரியை ஒரு நாள் அனுப்ப மறுக்கிறவள் எதையோ மறைக்கிறாள் என்றுதானே வரும். மச்சாள்தான் முடிவு கட்டினார். "ஒரு நாள்தானே, போறன். எங்கடை பிள்ளையளின்ரை ஊர்வலத்தையும் பாத்த மாதிரி இருக்கும்."

ஊர்வலம் குடியிருப்பின் நீச்சல் குளத்தைச் சுற்றி வந்தது. என் மகள் நோர்வே உடுப்பில், கையில் கொடி. மச்சாள் நீல அங்கியோடு ஐஸ்கிரீம் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். மகளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவளின் தொப்பியைச் சரிசெய்தார். பக்கத்தில் வந்த பிள்ளை கேட்டது, இது யார் என்று. நான் மூன்று அடி தூரத்தில் நிற்கிறேன். மகள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்கடை வீட்டு ஹூஸ்யெல்ப்."

நோர்வேஜிய மொழியில் வீட்டு வேலைக்காரி. நாங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் பிள்ளை சொன்னது. கெட்டிக்காரி என்று பாராட்டியிருக்கவேண்டும்.

மச்சாளுக்கு மொழி தெரியாது. ஆனால் தொப்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அடுத்த பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. முன்பு பகிடிக்கு என்னை "மேடம்" என்று கூப்பிடுவார். "மேடம், புட்டு அவிக்கட்டோ, மேடத்துக்கு இடியப்பமோ?" என்று நெளிந்து காட்டுவார், எல்லோரும் சிரிப்போம். ஒரு நாள் குசினியில் சிரிக்காமல் சொன்னார். "மேடம், உள்ளி முடிஞ்சுது." சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். நானும் நின்றேன். உள்ளி வாங்கினோம்.

பிறகு முன்னறைக் கதிரையில் இருப்பதை விட்டார். யாரும் சட்டென்று வந்துவிட்டால் எழும்பவேண்டி வருகிறதே, எதற்கு என்றார். வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாட்டைக் குசினியில் சாப்பிட்டார். இவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருப்பார். மணி அடித்தால் பாய்ந்து எழும்பி முன்னறைக்கு வருவார். கொஞ்ச நாளில் தட்டைத் தூக்குவதும் நின்றது. யார் எப்போது நிறுத்தினோம் என்று சொல்லத் தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குசினியில் ஒருவர் எப்போதும் இருப்பது சுகமாய்த்தான் இருந்தது.

ஒஸ்லோவில் எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் போகிற வழியில் இரண்டு நாள் எங்களிடம் தங்கியது. அந்த நேரம் பார்த்து இவரின் பெரியவரும் மனைவியும் வந்து இருந்தார்கள். மச்சாள் நீல அங்கியோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோடு நின்றார். ஒஸ்லோக்காரி என் காதுக்குள் கேட்டார்.

"உவ உங்கடை மச்சாளெல்லோ? ஊரிலை கண்டிருக்கிறன்."

"ஓம், சத்தம் போடாதேங்கோ. பிறகு சொல்லுறன்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் விளக்கமாய்ச் சொன்னேன். விசா, சட்டம், அங்கி, எல்லாம். "ஐயோ பாவம், என்ன செய்யிறது" என்று தலையாட்டிக் கேட்டார். மச்சாளின் கையால் இரண்டு நாளும் வயிறாரச் சாப்பிட்டார். நாங்கள் ஒஸ்லோவுக்குத் திரும்புவதற்கு முன்பே எங்கள் கதை ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. விசாவும் சட்டமும் வழியில் எங்கேயோ விழுந்து போக, வேலைக்காரி மட்டும் வந்து சேர்ந்தாள்.

அந்த வேலை திடீரென்று முடிந்தது. கம்பனி மூட்டை கட்டியது, நாங்களும் கட்டவேண்டியதாயிற்று. ஊரில் திரும்பச் சண்டை, யாழ்ப்பாணப் பாதை பூட்டு. மச்சாளின் வீட்டில் யார் இருக்கிறார்கள், வீடுதான் இருக்கிறதா என்றும் தெரியாது. நோர்வே விசாவுக்கு அங்கிருந்தே மூன்றாம் தரம் விண்ணப்பித்தோம். தூதரகத்தில் இவரையும் மச்சாளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்கள் எங்களுக்குத் தந்ததில் இவர் உங்கள் சகோதரி. இந்த நாட்டு அரசாங்கத்துக்குத் தந்ததில் உறவில்லாத வீட்டு வேலைக்காரி. இதில் எது பொய்?"

வேலைக்காரி என்றது பொய் என்றால் அந்த நாட்டில் மறியல், சிறைதான்; சகோதரி என்றது பொய் என்றால் விசா இல்லை. பேப்பரில் பொய்யை எழுதிவிட்டு உண்மையை வீட்டில் வைத்திருந்தோம் அல்லவா. வீட்டில் இருந்த உண்மைக்கு மேசையில் பெறுமதி இல்லை.

நாட்கள் நெருங்கின. ஒரு நாள் முருங்கை இலையை உருவிக்கொண்டே மச்சாள் சொன்னார்: "பின்வீட்டு மனுசி என்னைத் தன்னோடை வந்து இருக்கச் சொல்லுறா. பேப்பரைத் தன்ரை பேருக்கு மாத்தித் தரட்டாம். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

இவர் குதித்தார். "என்ரை அக்கா ஒருத்தியின்ரை வீட்டிலை வேலைக்குப் போறதோ! நான் உயிரோடை இருக்கேக்கையோ!"

மச்சாள் இலையை உருவுவதை நிறுத்தவில்லை. "அப்ப இவ்வளவு காலமும் நான் என்ன செய்தனான் தம்பி?"

மச்சாள் அடுத்த கொப்பைக் கையில் எடுத்தார்.

"கோவத்திலை சொல்லேல்லை" என்றார் பிறகு. "அங்கை அது வேலை எண்டு சொல்லிச் சம்பளம் தருவினம். வேலைக்காரியை வேலைக்காரி எண்டு கூப்பிடுவினம். எனக்கு உள்ளுக்கொண்டு வெளியிலையொண்டு எண்டு இருந்து களைச்சுப்போச்சு."

கையெழுத்து வைக்கப் போனோம். அரபு வீட்டின் முன்னறையில் நிலத்தில் கம்பளம், சுற்றிவரத் தலையணை. கிழவி நடுவில் இருந்தார். அவரின் மருமகன் பேப்பரை வைத்துக்கொண்டிருந்தார், டிரைவர் கதவடியில். எங்களுக்குச் சின்னக் கிண்ணத்தில் கோப்பி ஊற்றி வைத்தார்கள். மச்சாள் பழக்கதோசத்தில் சுவரோடு நின்றார். இவர் பேனையை எடுத்தார். கையெழுத்து வைத்து எடுத்த அக்காவைக் கையெழுத்து வைத்து விடவேண்டும். பேனை பேப்பரில் தொட்டதும் ஒரு ஆம்பிளை அழக்கூடாத அழுகை அழுதார்.

கிழவி டிரைவரைப் பார்த்து என்னவோ கேட்டார். "வேலைக்காரிக்காக இந்த மனுசன் ஏன் இப்படி அழுகுறான்னு கேக்குறாங்க" என்றார் டிரைவர்.

நான் என்ன பொய் சொல்வது என்று யோசிக்கிறேன். அதற்குள் சுவரோடு நின்ற மச்சாள், தான் பழகின அரபியில் ஒரே ஒரு சொல் சொன்னார். "அஹூய்." என் தம்பி.

மருமகன் தலையை நிமிர்த்தினார். அவர் ஒரு ரெலிபோன் எடுத்தால் எங்கள் மூன்று பேருக்கும் மறியல். கிழவி அவரைக் கையால் அமர்த்தினார். இவரைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், அந்த நீல அங்கியைப் பார்த்தார். தனக்குப் பக்கத்தில் இருந்த தலையணையைத் தட்டி, மச்சாளை வந்து இருக்கச் சொன்னார். மச்சாள் தயங்கித் தயங்கி வந்து இருந்தார். கிழவி தன் கையாலேயே ஒரு கிண்ணத்தில் கோப்பி ஊற்றி அவருக்குக் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மச்சாள் மற்ற ஆட்களுக்கு முன்னால் இருந்து கோப்பி குடித்ததை அன்றுதான் கண்டேன். இவர் கையெழுத்தை வைத்தார். எங்கள் கோப்பி ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் எழும்பி வந்தோம். யாரும் குடியுங்கள் என்று சொல்லவில்லை.

அந்த மாதமே ஒஸ்லோ. ஹவுகன்ஸ்டுவாவில் வேறொரு மாடி, அதே குளிர். நான் திரும்பவும் நிலம் துடைக்கப் போனேன். கோயிலில் எங்களைக் கண்டதும் கதை நின்றுபோகிற கூட்டங்கள் இருந்தன. எங்களிடம் வந்து என்ன நடந்தது என்று நேரே கேட்டவர் ஒருவரும் இல்லை. மச்சாளைக் கூப்பிட இரண்டு தரம் விசா மறுத்த காலத்தில், கையெழுத்துக்கோ ஒரு சொல்லுக்கோ அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவரும் இல்லை.

சண்டை முடிந்த பிறகு ஊருக்குப் போங்கோ, நாங்கள் வீட்டைத் திருத்தித் தருகிறோம் என்றோம். மச்சாள் போகவில்லை. பிறகு மகள் பெரியவளாகி, சட்டம் விளங்கிய ஆட்களைப் பிடித்து, மாமியை இங்கே எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று ஓடி ஓடி விசாரித்தாள். ஹூஸ்யெல்ப் என்று சொன்ன அதே பிள்ளைதான். அவள் அதை மறக்கவில்லை, நானும் நினைவூட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை ரெலிபோனில் அவளே மாமியிடம் சொன்னாள். மச்சாள் பொறுமையாய்க் கேட்டார்.

"சந்தோசம் மோனை. ஆனால் அங்கை வந்து நான் ஆராய் இருக்கிறது? உங்கடை கோயிலிலை எனக்கு ஏற்கெனவே ஒரு பேர் வைச்சிருக்கினமாம். இஞ்சை எனக்கு ஒரே பேர்தான். விடியப் பாங்குக்கு எழும்புறன், விளக்கு வைக்க மனுசி ஒரு மூலை தந்திருக்கு. மாமாவை ஒழுங்காச் சாப்பிடச் சொல்லு" என்றவர், உடனே திருத்தினார். "மாமா இல்லை, அப்பாவை. வாய் தடுமாறுது. தமிழ் கதைச்சுக் கனநாள்."

இவர் பக்கத்தில்தான் இருந்தார். ரெலிபோனை வாங்கவில்லை. சோற்றுத் தட்டில் கை அப்படியே நின்றது, முன்பு ஒஸ்லோவில் நின்ற மாதிரியே.

இதுதான் நடந்தது. எங்களை நல்லவர்கள் என்று சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்கு முருகன் இருக்கிறான், அவனுக்குத் தெரியும். இந்தக் கதை ஏற்கெனவே வாய்க்கு வாய் போய்க்கொண்டுதான் இருக்கிறது, துரொண்ட்ஹெய்ம் வரைக்கும் போய்விட்டது. அதை நிறுத்த என்னால் ஏலாது. இனிமேல் சொல்கிறவர்கள் இப்படியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். வித்தார்கள் என்று கூட்டவேண்டாம், பாவம் என்று எங்களுக்காகக் குறைக்கவும் வேண்டாம். வேலைக்காரி என்று வருகிற இடத்தில் வேலைக்காரி என்றே சொல்லுங்கள். ஆனால் அக்கா என்று வருகிற இடத்தில் அந்தச் சொல்லை விழுத்திவிடாதீர்கள். அதை ஒருதரம் சத்தமாய்ச் சொல்ல அந்த மனுசிக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.